கண்ணால் கண்டவர்கள்

கால்பந்து ரசிகர்கள் மத்தியில் ஒரு வாக்கியத்துக்குத் தனி மரியாதை உண்டு: "அந்த மேட்ச்சுக்கு நான் போயிருந்தேன்." எந்த வருடம் யார் கோப்பையைத் தூக்கினார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துவிடலாம். பழைய கோல்களை யூடியூபில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் இந்த வாக்கியத்தைச் சொல்ல, அன்றைக்கு அந்த இடத்தில் உடம்போடு இருந்திருக்க வேண்டும். அதனால் சொல்பவரைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் கூடிவிடும். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

சரி, கேட்கிறோம். நம்புகிறோமா? நம்ப வேண்டுமா? ஒருவர் "நான் பார்த்தேன்" என்று சொல்லும்போது, கேட்பவருக்கு அவரிடம் ஏதாவது கடமை வந்து சேர்கிறதா? இங்கிலாந்தில் நடந்த மூன்று ஆட்டங்களை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. முதல் இரண்டும் கொஞ்சம் வேடிக்கையானவை. மூன்றாவது அப்படி அல்ல.

*

1923 ஏப்ரல் 28. லண்டனில் புதிதாகக் கட்டிய வெம்ப்ளி மைதானத்தில் முதல் ஆட்டம். போல்டன் வாண்டரர்ஸுக்கும் வெஸ்ட் ஹாமுக்கும் எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டி. அதிகாரபூர்வக் கணக்குப்படி வந்தவர்கள் 1,26,047 பேர். சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் 2 லட்சத்தைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். கூட்டம் பிதுங்கி ஆடுகளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. குதிரைப் போலீஸ் வந்து எல்லோரையும் கோட்டுக்கு வெளியே தள்ளி, முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் ஆட்டம் தொடங்கியது. போல்டன் 2-0 என்று ஜெயித்தது. ஆனால் போல்டன் ஜெயித்த ஆட்டம் என்று அதை யாரும் சொல்வதில்லை. 'வெள்ளைக் குதிரை ஃபைனல்' என்றுதான் பெயர். கூட்டத்தைப் பொறுமையாக ஒதுக்கிய ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலரும் அவர் ஏறியிருந்த பில்லி என்ற குதிரையும்தான் அன்றைய நாயகர்கள்.

பில்லி வெள்ளைக் குதிரை இல்லை. சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளை நியூஸ்ரீலில், இருண்ட கூட்டத்துக்கு நடுவே அது வெள்ளையாகத் தெரிந்தது. அன்று வேறு குதிரைகளும் அங்கே இருந்தன. படத்தில் பளிச்சென்று விழுந்தது இது ஒன்றுதான். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இன்றைக்கு வெம்ப்ளிக்கு ரயிலில் போய் இறங்கினால், மைதானத்துக்குக் கடந்து போகும் நடைப்பாலத்தின் பெயர் 'ஒயிட் ஹார்ஸ் பிரிட்ஜ்'. தப்பான நிறத்துக்கு ஒரு பாலமே இருக்கிறது. யாருக்கும் வருத்தம் இல்லை.

இரண்டாவது, 1966 ஜூலை 30. அதே வெம்ப்ளி, உலகக் கோப்பை இறுதிப்போட்டி, இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும். கூடுதல் நேரத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே குத்தி வெளியே எகிறியது. கோட்டைத் தாண்டியதா இல்லையா? பக்கத்திலேயே நின்ற ராஜர் ஹன்ட் பந்தை உள்ளே தட்டிவிட ஓடாமல் கையைத் தூக்கிக் கொண்டாடினார். லைன்ஸ்மேன் டோஃபிக் பஹ்ரமோவ் கோல் என்றார். அன்று அரங்கில் 96,924 பேர். இங்கிலாந்துக்காரர்கள் பந்து உள்ளே போனதைப் பார்த்தார்கள். ஜெர்மானியர்கள் போகாததைப் பார்த்தார்கள். பிற்பாடு படச்சுருளைக் கணினியில் வைத்து அளந்தவர்கள், பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டவில்லை என்றே சொல்கிறார்கள். இன்னொன்று: இங்கிலாந்து ரசிகர்கள் பல தலைமுறைகளாக நன்றியோடு நினைவுகூரும் அந்த 'ரஷ்ய லைன்ஸ்மேன்' ரஷ்யரே இல்லை. அஜர்பைஜான்காரர். பாக்கு நகரத்தில் அவர் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அறிவியலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியபோது, உல்ரிக் நைஸர், நிக்கோல் ஹார்ஷ் என்ற உளவியலாளர்கள் மறுநாளே கல்லூரி மாணவர்களிடம் "செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள்?" என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். சில வருடங்கள் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது பலருடைய பதில் தலைகீழாக மாறியிருந்தது. ஆனால் நம்பிக்கை மட்டும் குறையவில்லை. நினைவு என்பது எடுத்துப் பார்க்கும் புகைப்படம் அல்ல. ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைந்து பார்ப்பது.

ஆக, ரசிகரின் நினைவு பிசகக்கூடியது. அப்புறம் என்ன, கட்டுரை முடிந்தது என்று எழுந்து போய்விடலாம். மூன்றாவது ஆட்டம் மட்டும் இல்லையென்றால்.

*

1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஷெஃபீல்ட் நகரத்தின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. அந்தக் காலத்து இங்கிலாந்து மைதானங்கள் பலவற்றில் கோல் கம்பங்களுக்குப் பின்னால் இருக்கை கிடையாது. படிப்படியாக இறங்கும் சிமென்ட் தளத்தில் நின்றபடிதான் ஆட்டம் பார்க்க வேண்டும். ரவுடித்தனத்துக்குப் பயந்து அந்தத் தளங்களைக் கம்பி வேலியால் தடுத்துத் தடுத்து வைத்திருந்தார்கள். முன்னாலும் உயரமான வேலி. அந்தத் தடுப்புகளுக்கு ஆங்கிலத்தில் 'பென்' என்று பெயர். ஆடுமாடு அடைக்கும் பட்டிக்கும் அதே சொல்தான்.

லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க டிக்கெட் வாங்கியிருந்த லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேர். அவர்கள் உள்ளே வர இருந்தவை 7 சுழல்கதவுகள். ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது வெளியே மூச்சுவிட முடியாத நெரிசல். 2:52க்கு, காவல்துறைப் பொறுப்பாளர் டேவிட் டக்கன்ஃபீல்டின் உத்தரவின் பேரில், வெளியேறுவதற்கான 'சி' கேட்டைத் திறந்துவிட்டார்கள். சுமார் 2,000 பேர் உள்ளே வந்தார்கள். எதிரே தெரிந்த சுரங்க வழி நேராக நடுவில் இருந்த 3, 4 எண் பட்டிகளுக்குப் போனது. அவை ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. இரு பக்கமும் இருந்த பட்டிகளில் இடம் இருந்தது. சுரங்க வழியை அடைத்து அங்கே திருப்பிவிட யாரும் உத்தரவு போடவில்லை.

3 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. 3:06க்கு நிறுத்தப்பட்டது. வேலியோடு நசுங்கியவர்களை ரசிகர்களே தூக்கினார்கள். விளம்பரப் பலகைகளைப் பிய்த்து ஸ்ட்ரெச்சர் ஆக்கி மைதானத்தின் குறுக்கே ஓடினார்கள். எதிர்ப் பக்கம் நின்ற ஃபாரஸ்ட் ரசிகர்களில் பலர், லிவர்பூல் கூட்டம் வழக்கம்போல ஆடுகளத்துக்குள் இறங்கிக் கலாட்டா செய்கிறது என்று நினைத்து முதலில் கூச்சல் போட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களும் அதையே கலவரமாகப் பார்த்தார்கள். நாய்களோடு போலீஸைக் கேட்டு அங்கிருந்து தகவல் போனது. அந்த அறை பட்டிகளைப் பார்த்தபடிதான் இருந்தது. கேமராத் திரைகளும் இருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெய்சலில் லிவர்பூல் ரசிகர்கள் துரத்தியதில் 39 பேர் இறந்திருந்தார்கள். இந்தக் கூட்டத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்த கண்களுக்கு, வேலியைப் பிடித்துத் தொங்கியவர்கள் ரவுடிகளாகத்தான் தெரிந்தார்கள்.

இறந்தவர்கள் 97 பேர். இளையவருக்கு வயது 10.

*

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கதை தயாராகிவிட்டது. ரசிகர்கள் கேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று டக்கன்ஃபீல்ட் கால்பந்துச் சங்கத்து அதிகாரியிடம் சொன்னார். கேட்டைத் திறக்கச் சொன்னவரே அவர்தான். நான்காம் நாள் 'தி சன்' பத்திரிகை, 'உண்மை' என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள், காவலர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரி, இறந்தவர்களின் இரத்தத்தில் மது இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொன்னார். குழந்தைகளின் இரத்தத்திலும்.

மறுபக்கம், அங்கே இருந்தவர்கள் சொன்னது எளிமையானது: "கேட்டை நாங்க உடைக்கல. அவங்கதான் திறந்துவிட்டாங்க."

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உண்மை ஏதோ 27 வருடம் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். அப்படி இல்லை. நீதிபதி டெய்லர் தலைமையிலான விசாரணை நான்கே மாதத்தில், 1989 ஆகஸ்ட்டில், முக்கியக் காரணம் காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதுதான் என்று எழுதிவிட்டது. மூத்த அதிகாரிகள் பலர் பிடிகொடுக்காமல், தற்காப்போடு சாட்சி சொன்னார்கள் என்றும் எழுதியது. தீர விசாரித்தாகிவிட்டது, மெய்யும் கிடைத்துவிட்டது. ஆனால் பழமொழி அதோடு நின்றுவிடுகிறது. மெய் கிடைத்த பிறகும் அதை ஒப்புக்கொள்ள யாரும் தயாராக இல்லை என்றால் என்ன செய்வது என்று அது சொல்வதில்லை.

1991இல் மரண விசாரணை 'விபத்து மரணம்' என்று முடிந்தது. 3:15க்குப் பிறகு நடந்த எதையும் அந்த விசாரணை கேட்கவில்லை; அதற்குள் எல்லோருக்கும் உயிர் பிழைக்க முடியாத காயம் ஏற்பட்டுவிட்டது என்பது அதன் நிலை. அதாவது 3:16க்கு ஒருவர் இன்னொருவரின் நாடியைப் பிடித்துப் பார்த்திருந்தால், அந்த நினைவுக்கு அந்த நீதிமன்றத்தில் இடம் இல்லை. 15 வயது மகன் கெவினை இழந்த ஆன் வில்லியம்ஸ் அந்த 3:15ஐ எதிர்த்துத்தான் இருபது வருடத்துக்கு மேல் போராடினார். 4 மணி சுமாருக்குத் தன் கையில் அந்தப் பையன் உயிரோடு இருந்தான், "அம்மா" என்று சொன்னான் என்று அன்று பணியில் இருந்த ஒரு பெண் காவலர் சொல்லியிருந்தார்.

2012 செப்டம்பரில் ஹில்ஸ்பரோ சுயாதீனக் குழு நாலரை லட்சம் பக்க ஆவணங்களைப் படித்து அறிக்கை வெளியிட்டது. 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றது. 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருக்கின்றன, அவற்றில் 116இல் காவல்துறைக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கின்றன என்றது.

அந்த 164 வாக்குமூலங்கள் யாருடையவை? ரசிகர்களுடையவை அல்ல. காவலர்களுடையவை.

எனக்கு இந்த இடம்தான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. நான் முதலில் இதைப் படித்தபோது, ரசிகர்கள் ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம் என்றுதான் மனதில் கோடு இருந்தது. ஆனால் அன்று மைதானத்தில் நின்ற சாதாரணக் காவலர்களும் கண்ணால் கண்டவர்கள்தான். வழக்கமான குறிப்பேட்டில் எழுத வேண்டாம், வெறும் தாளில் எழுதிக் கொடுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. எழுதினார்கள். மேலிருந்து உத்தரவே வரவில்லை, யாரும் பொறுப்பெடுக்கவில்லை என்று பலர் நேர்மையாகவே எழுதினார்கள். அந்த வரிகள்தான் அடிக்கப்பட்டன. அப்படியென்றால் பிளவு ரசிகருக்கும் போலீஸுக்கும் நடுவில் இல்லை. அங்கே இருந்தவர்களுக்கும், அங்கே இருந்ததைப் பற்றிய கோப்பைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் நடுவில் இருக்கிறது.

*

நான் பிழைப்புக்குக் கோடு எழுதுகிறவன். எங்கள் தொழிலில் தினமும் நடக்கும் ஒரு காட்சி. பயனர் ஒருவர் "பட்டனை அழுத்தினேன், பணம் ரெண்டு தடவை போயிடுச்சு" என்று புகார் கொடுப்பார். நாங்கள் லாகைத் திறந்து பார்ப்போம். லாகில் ஒரு தடவைதான் இருக்கும். "எங்களால் இதைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவது சுலபம். லாக் பொய் சொல்லாது, மனிதர் மறப்பார், குழப்பிக்கொள்வார் என்பது எங்களுக்குள் ஊறிப்போன நம்பிக்கை. ஆனால் அனுபவப்பட்ட இன்ஜினியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: லாக் என்பதும் யாரோ ஒருவர் எழுதியதுதான். எதைப் பதிய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று யாரோ ஒரு நாள் முடிவு செய்திருக்கிறார். அவருக்குத் தோன்றாத கோளாறு லாகில் வராது. ஹில்ஸ்பரோவில் லாகே காணாமலும் போனது. கேமராக் காட்சிகள் பதிந்த இரண்டு டேப்புகள் அன்றிரவு பூட்டிய அறையிலிருந்து மாயமாயின.

தத்துவத்தில் இதற்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், ஒரே நூற்றாண்டு. டேவிட் ஹியூம் 1748இல் சொன்னதன் சாரம்: பிறர் சொல்லை நம்புவதற்குத் தனி உரிமை எதுவும் இல்லை, அனுபவத்தில் அது எவ்வளவு சரியாக வந்திருக்கிறதோ அவ்வளவுதான் நம்பலாம். தாமஸ் ரீட் 1764இல் இதற்கு நேரெதிராக, மனிதர் சொல்வதை நம்புவது நமக்குள் இயல்பாகவே அமைந்திருக்கிறது என்றார். சந்தேகம்தான் பிறகு கற்றுக்கொள்வது. குழந்தை எல்லாவற்றையும் நம்பித்தான் வளர்கிறது.

ஹியூம் பக்கம் நிற்பதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் அவர் வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. "அனுபவத்தில் இவர்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்று கேட்கும்போது, அந்த அனுபவம் என்பது பல நேரம் நம் அனுபவமாக இருக்காது, பத்திரிகைகள் நமக்குக் கொடுத்ததாக இருக்கும். 1989இல் கால்பந்து ரசிகர் என்றால் குடிகாரர், லிவர்பூல்காரர் என்றால் திருடர். ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லின் விலை குறைந்துவிட்டது. ஆங்கிலேயத் தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் எழுதிய நூலில் இதை ஒரு தனி வகை அநீதியாகவே வரையறுக்கிறார். சொன்னவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லைக் குறைத்து மதிப்பது, அவரை 'அறிந்தவர்' என்ற இடத்திலிருந்தே கீழே தள்ளுவது.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். அப்படியானால் "நான் அங்கே இருந்தேன்" என்று யார் சொன்னாலும் நம்பிவிட வேண்டுமா? சாம்பல் குதிரையை வெள்ளை என்கிறவர்களையுமா?

இல்லை. ஆனால் வெள்ளைக் குதிரைக்கும் உடைந்த கேட்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். குதிரையை வெள்ளையாக்கியது நினைவின் சோம்பல். அதனால் யாருக்கும் லாபமில்லை, யாரும் திட்டமிடவில்லை. கேட்டை 'உடைத்தது' ஒரு தேவை. நினைவு பிசகினால் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிசகும்: ஒருவர் 2:45 என்பார், இன்னொருவர் 3 மணி என்பார், கேட் நீலம் என்பார், பச்சை என்பார். 116 வாக்குமூலங்கள் ஒரே திசையில் பிசகின என்றால் அது நினைவின் வேலை இல்லை. சாட்சிகளின் பேச்சில் இருக்கும் சின்ன முரண்கள் அவர்கள் பொய்யர்கள் என்பதற்கு அடையாளம் அல்ல. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதற்குத்தான் அடையாளம்.

நம்புவது என்பதை 'அப்படியே ஏற்றுக்கொள்வது' என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டிக்கெட்டை மூடாமல் வைத்திருப்பது என்று எடுத்துக்கொள்ளலாம். இவர் சொல்வது உண்மையாக இருந்தால் வேறு எங்கே தடயம் கிடைக்கும் என்று தேடிப் போவது. நிரூபிக்கும் பாரத்தை நசுங்கி வெளியே வந்தவர் தலையில் வைக்காமல், கோப்பை வைத்திருப்பவரிடம் கேட்பது. அவ்வளவுதான் கடமை. கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்தால் அதைக் கால் நூற்றாண்டுக்குச் செய்ய முடியவில்லை.

அந்தக் கால் நூற்றாண்டில் அந்த ரசிகர்களுக்கு நடந்த இன்னொன்றும் உண்டு. அவர்களால் மறக்கவும் முடியவில்லை, பிசகவும் முடியவில்லை. 1966க்குப் போனவர் தன் பேரனிடம் ஒவ்வொரு தடவையும் கதையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லலாம். ஹில்ஸ்பரோவுக்குப் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை. 2014இலிருந்து வாரிங்டனில் நடந்த புதிய மரண விசாரணையில், ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள், இருபத்தைந்து வயதில் பார்த்ததைச் சத்தியம் செய்து சொன்னார்கள். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு குடித்தீர்கள்? மறதி மனிதருக்கு ஒரு மருந்து என்கிறோம். அந்த மருந்தை எடுத்துக்கொண்டால் அவர்கள் வழக்கு தோற்றுவிடும்.

2016 ஏப்ரல் 26 அன்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள். ரசிகர்களின் நடத்தை எந்த வகையிலும் காரணம் இல்லை. டக்கன்ஃபீல்ட் தான் சொன்னது பொய் என்று அந்த விசாரணையில் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் 2019இல் குற்றவியல் வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார். 2021இல், வாக்குமூலங்களைத் திருத்தியதாக இரண்டு முன்னாள் காவல் அதிகாரிகள் மீதும் ஒரு வழக்கறிஞர் மீதும் நடந்த வழக்கு பாதியிலேயே விழுந்தது. டெய்லர் விசாரணை ஒரு நீதிமன்றம் அல்ல. அதற்குக் கொடுத்த வாக்குமூலங்களைத் திருத்துவது நீதியின் போக்கைக் கெடுத்த குற்றத்தில் வராது என்றார் நீதிபதி. கண்டவர் சொல்லை மாற்றியதற்குக் கடைசிவரை யாருக்கும் தண்டனை இல்லை.

டெய்லரின் இறுதி அறிக்கைக்குப் பிறகு வேலிகள் அகற்றப்பட்டன. பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வந்தது. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியது. சனிக்கிழமை ராத்திரி நாம் இங்கே டிவியில் பார்க்கும், வேலி மறைக்காத, வரிசை வரிசையாக உட்கார்ந்த அந்தக் கூட்டம் இப்படித்தான் உருவானது. அடுத்த தடவை லிவர்பூல் ஆடும்போது சட்டையின் பின்கழுத்தைப் பாருங்கள். 97 என்ற எண் இருக்கும். ரொம்ப நாள் அது 96 என்றுதான் இருந்தது. அன்று மூளை பாதிக்கப்பட்டு 32 ஆண்டுகள் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்த ஒரு ரசிகர் 2021 ஜூலையில் இறந்தார். அவரும் ஹில்ஸ்பரோவில்தான் கொல்லப்பட்டார் என்று கொரோனர் எழுதினார். எண்ணை மாற்றினார்கள்.